கட்டிலை விட்டு ஓடியவர்கள்

வேல்விழி வீட்டுக்கும் மாரிசெல்வி வீட்டுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான். இந்தப் பக்கம் தும்மினால் அந்தப் பக்கம் கேட்கும். அப்படியிருந்தும், மாரிசெல்வி தன் கொழுந்தன் பாண்டியிடம் முகம் கொடுத்து ஒரு வார்த்தை பேசி மூன்று வருடம் ஆகிறது. ஏன் என்று வாராவாரம் படிக்கிறவர்களுக்குத் தெரியும். நடுவில் வந்து சேர்ந்தவர்களுக்காக ஒருமுறை சொல்லிவிடுவோம்.

பட்டாசுக் கம்பெனியை இந்தப் பக்கத்தில் பயராபீஸ் என்பார்கள். தாயில்பட்டியை ஒட்டிய ஒரு பயராபீஸில் அண்ணன் வெள்ளைத்துரையும் தம்பி பாண்டியும் ஒரே அறையில் பட்டாசுக்குள் வெடிமருந்து செலுத்துகிற வேலை பார்த்தார்கள். வெடித்த அன்று தம்பி பாதி உடம்பு வெந்துபோய் வெளியே ஓடிவந்து விழுந்தான். அண்ணன் வரவே இல்லை.

"கூடப் பொறந்தவனை உள்ள விட்டுட்டு ஓடியாந்த காலு! அது வெளங்குமா?" என்று வெள்ளைத்துரையின் மனைவி மாரிசெல்வி மண்ணை வாரித் தூற்றினாள். பாண்டியை நேராக நோக்கி அவள் பேசிய கடைசிப் பேச்சு அதுதான். அதற்குப் பிறகு எல்லாமே பாண்டியின் மனைவி வேல்விழி மூலமாகத்தான். "உன் வீட்டுக்காரர்ட்டச் சொல்லு, தண்ணி லாரி வந்திருக்கு" என்பாள். வீட்டுக்காரர் அங்கேதான் குடத்தோடு நின்றுகொண்டிருப்பார்.

அப்பேர்ப்பட்ட மூன்று பேரும் இன்றைக்கு ஒன்றாகக் கிளம்ப வேண்டும். இன்றைக்குப் பரீட்சை.

பரீட்சை என்றால் சும்மா இல்லை. பாண்டி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது மாதக்கணக்கில் கட்டிலடியிலேயே கிடந்தவள் வேல்விழி. கட்டு மாற்றுவதும் புரட்டிப் படுக்கவைப்பதும் வாய் துடைத்துவிடுவதும் அங்கேதான் கைக்கு வந்தது. அந்த ஆஸ்பத்திரியே அவளை ஆயா வேலைக்கு வைத்துக்கொண்டது. புருஷன் செத்த பிறகும் அதே மருந்துப் பொடியில் கையை வைத்துக்கொண்டிருந்த மாரிசெல்வியை, கையைப் பிடித்து இழுக்காத குறையாக அங்கே கொண்டுபோய்ச் சேர்த்தவளும் அவள்தான். இப்போது நிர்வாகம் வெட்டு ஒன்று துண்டு இரண்டாகச் சொல்லிவிட்டது. ஆவணி பிறந்தால் நோயாளியைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கான சான்றிதழ் இல்லாத ஒருத்தியும் வார்டுக்குள் கால் வைக்கக் கூடாது.

சான்றிதழுக்கு முன்பெல்லாம் பன்னிரண்டாம் வகுப்பு வேண்டும். அதற்கு மேல் மதுரையில் போய்த் தங்கி ஒரு வருடம் படிக்க வேண்டும். வேல்விழி எட்டாவது, மாரிசெல்வி ஐந்தாவது. "செய்ற வேலையைச் செஞ்சு காட்டுறோம், பார்த்துட்டுச் சொல்லுங்க" என்று விருதுநகர் கலெக்டர் ஆபீஸ் வாசலில் வேல்விழி திங்கட்கிழமை தவறாமல் மனுவோடு நின்றதை முன்பே பார்த்தோம். அவள் நின்றதாலோ, எங்கேயோ பெரிய ஊரில் பெரிய மனிதர் யாருக்கோ அதே யோசனை தோன்றியதாலோ, விதி மாறிவிட்டது. வேலை தெரிந்தவர்கள் படிப்பு இல்லாவிட்டாலும் நேராக வந்து செய்து காட்டலாம். தேறினால் மதுரையில் படித்தவளுக்குக் கொடுக்கிற அதே சான்றிதழ். இந்தப் பக்கத்தில் அப்படி நடக்கும் முதல் பரீட்சை இது.

"வெடி மருந்து அள்ளுன பொம்பளைகளுக்கு நர்ஸம்மா சர்டிபிகேட்டாம்ல!" என்று டீக்கடையில் சிரித்தவர்களும் இன்றைக்கு என்ன ஆகிறதென்று பார்க்கத்தான் காத்திருந்தார்கள்.

ஒரே ஒரு சிக்கல். நோயாளியாகப் படுக்க ஆளை அவரவரே கூட்டிவர வேண்டும்.

"நான் வரலை புள்ள. வேற யாரையாச்சும் கூட்டிட்டுப் போ" என்றான் பாண்டி, வாயில் பல்பொடியோடு.

"வேற யாரு இருக்கா? வாரேன் வாரேன்னு சொன்ன எதுத்த வீட்டுக்காரி, சீசன் நேரம், ஆர்டர் நெருக்குது, லீவு போட்டா ஆளை மாத்திருவாகன்னு நேத்துக் கையை விரிச்சுட்டா."

"அதுக்கு? ஊரு முன்னாடி சட்டையைக் கழட்டிட்டுப் படுக்கணுமாக்கும். அதுவும் மதினி நிக்கிற எடத்துல."

"மதினி உங்களை எங்க பார்க்கப் போறாக? மூணு வருசமாப் பார்த்தாகளா?"

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள் வேல்விழி. பாண்டி வாய் கொப்பளித்தான். பிறகு உள்ளே போய் முழுக்கைச் சட்டையை எடுத்து மாட்டினான். கோடையிலும் முழுக்கைதான் போடுவான். வலது பக்கம் தோளிலிருந்து கெண்டைக்கால் வரை உள்ள தழும்பை அவன் வெளியே காட்டியதே இல்லை.

மினி பஸ்ஸில் முன் சீட்டில் மாரிசெல்வியும், அவளுக்கு நோயாளியாக வரும் பக்கத்துத் தெருப் பாலம்மாளும். பின் சீட்டில் புருஷனும் பொண்டாட்டியும். பாலம்மாளுக்கு ஏகப்பட்ட உற்சாகம்.

"படுக்கதுதான வேலை? அதை நான் அருமையாச் செய்வேன் தாயி. என்ன வியாதி எனக்கு?"

"பக்கவாதம். ஒரு பக்கம் கையும் காலும் அசையக் கூடாது" என்றாள் மாரிசெல்வி.

"அசைப்பனா? செத்த பொணமாட்டம் கெடப்பேன், பாரு."

வெம்பக்கோட்டை ரோட்டில் திரும்பும்போது மாரிசெல்வி தலையைத் திருப்பாமலே சொன்னாள்: "வேலு, உன் வீட்டுக்காரர்ட்டச் சொல்லு. பொத்தானை மாத்திப் போட்டிருக்காக."

பாண்டி குனிந்து பார்த்தான். ஆமாம், ஒன்று தள்ளித்தான் போட்டிருந்தான். அவிழ்த்துச் சரியாகப் போட்டுக்கொண்டான். திரும்பிப் பார்க்காதவளுக்கு அது எப்படித் தெரிந்தது என்று வேல்விழிக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்திக்கொண்டாள்.

பரீட்சை நடக்கும் இடம் முன்னொரு காலத்தில் தீப்பெட்டி ஆபீஸாக இருந்த நீளமான கூடம். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை, பக்கத்துக்கு ஒரு கதவு. உள்ளே கட்டில்களை வரிசையாகப் போட்டிருந்தார்கள். கட்டிலுக்கு ஒருத்தியாகப் பெண்கள் நின்றார்கள். அத்தனை பேரும் ஒரு காலத்தில் பயராபீஸில் வேலை பார்த்தவர்கள்தான், அல்லது பார்த்தவனுக்கு வாக்கப்பட்டவர்கள்.

தேர்வாளர் பீவி ஜான் மேடம் மதுரையிலிருந்து வந்திருந்தார். பெரிய ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஒட்டிய கன்னம், கஞ்சி போட்ட புடவை. சிரிக்கவும் மாட்டார், சீறவும் மாட்டார். பயிற்சி மையத்தை நடத்துகிற வேலுச்சாமி அவர் பின்னாலேயே மோர் டம்ளரோடு அலைந்துகொண்டிருந்தார்.

"உங்க முன்னால படுத்திருக்கிறவருக்கு ஒரு பக்கம் விழுந்துபோச்சு. அவரா திரும்ப முடியாது, அவரா எந்திரிக்க முடியாது. அவரைப் படுக்க வச்சே உடம்பைத் துடைச்சு, விரிப்பை மாத்தணும். பேசிக்கிட்டே செய்யுங்க. ஊமையா செய்யாதீங்க" என்றார் மேடம்.

வேல்விழி புருஷனின் சட்டையைக் கழற்றினாள். பக்கத்துக் கட்டில் மாரிசெல்விக்கு. அவள் இந்தப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு பாலம்மாளின் கையைத் துடைத்தாள். பாண்டி கண்ணை இறுக மூடிக்கொண்டான்.

"அண்ணே, தண்ணி வெதுவெதுன்னுதான் இருக்கு, பயப்படாதீக" என்றாள் வேல்விழி. நோயாளியிடம் எப்படிப் பேசுவாளோ அப்படியே வந்துவிட்டது. கட்டின புருஷனை அண்ணே என்கிறாளே என்று பாண்டிக்கு மூடிய கண்ணுக்குள்ளேயே சிரிப்பு முட்டியது. மேடத்தின் உதட்டோரம்கூட லேசாக அசைந்தது.

துடைத்தாயிற்று. இனி விரிப்பு. கால் இரண்டையும் போர்வையில் சுற்றி, பாண்டியைக் கட்டில் ஓரத்துக்குப் புரட்டி, ஒரு கையால் தோளைத் தாங்கிக்கொண்டு மறு கையால் பழைய விரிப்பைச் சுருட்டினாள். எல்லாம் நன்றாகப் போய்க்கொண்டிருந்தது. மேடம்கூட, "ம், சரி" என்று அடுத்த கட்டிலுக்கு நகர்ந்தார்.

அப்போதுதான் அந்தச் சத்தம்.

வெடிச் சத்தம் இந்த ஊருக்குப் புதுசில்லை. தூரத்தில் கேட்டால் சமையற்கட்டில் ஒருத்தி தலைகூட நிமிர மாட்டாள். ஆனால் இது சுவரை ஒட்டி வந்தது. கூரை அதிர்ந்து தூசி கொட்டியது. கண்ணாடிச் சன்னல் கடகடவென்று ஆடியது.

பயராபீஸில் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் போர்மேன் சொல்லிக்கொடுக்கும் முதல் பாடம் ஒன்று உண்டு. சத்தம் கேட்டா எந்திரி, ஓடு. திரும்பிப் பார்க்காதே. யாரையும் தேடாதே. மருந்து எப்படிக் கலப்பது, திரி எப்படிச் சொருகுவது எல்லாம் அதற்குப் பிறகுதான். அந்தப் பாடம் மண்டைக்குள் இருக்காது. காலுக்குள் இருக்கும்.

கூடம் காலியாகிவிட்டது. கட்டிலருகே நின்றவர்கள் மட்டுமா ஓடினார்கள்? பக்கவாதத்தில் கிடந்தவர்களும் ஓடினார்கள். செத்த பிணமாட்டம் கிடப்பேன் என்று வாக்குக் கொடுத்த பாலம்மாள் எல்லோருக்கும் முன்னால் கதவைத் தாண்டினாள்.

வாசலுக்கு வெளியே, தண்ணீர்த் தொட்டி வரைக்கும் ஓடித்தான் நின்றார்கள். யாரோ குழாயைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். வாட்ச்மேன் கருப்பணன் கையை ஆட்டிக்கொண்டு ஓடிவந்தான்.

"ஒண்ணுமில்லைம்மா, ஒண்ணுமில்லை! பின்னால பொட்டல்ல கம்பெனிக்காரக சாம்பிள் வெடி போடுறாக. வடக்க இருந்து ஆர்டர் பார்க்க வியாபாரி வந்திருக்காராம். நம்ம பலவேசம்தான் பத்த வைக்கான்!"

"அவன் கையில கொள்ளி வைக்க!" என்றாள் பாலம்மாள்.

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். வேல்விழிக்குச் சிரிப்பு வரவில்லை. தன் வலது கையைப் பார்த்தாள். உள்ளங்கை ஈரமாக இருந்தது. அந்தக் கைதான் தோளைத் தாங்கிக்கொண்டிருந்தது.

"ஆத்தாடி! அவுக உள்ள இருக்காக!"

திரும்பி ஓடினாள். பயராபீஸ்காரர்கள் திரும்பி ஓடுகிற வழக்கமே கிடையாது. ஆனால் அவள் ஓடுவதைப் பார்த்து மற்றவர்களும் ஒவ்வொருத்தியாகப் பின்னால் வந்தார்கள். மாரிசெல்வி மட்டும் தொட்டியடியிலேயே நின்றாள். குனிந்து தன் காலைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாண்டி தரையில் கிடந்தான். போர்வையில் சுற்றிய காலை அவிழ்க்க முடியாமல், கட்டிலுக்கும் சுவருக்கும் நடுவில் மல்லாந்து கிடந்தான். புருவம் பிளந்து ரத்தம் காதுக்கு இறங்கியிருந்தது. பீவி ஜான் மேடம் தரையில் மண்டியிட்டு, பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருந்தார். அந்தக் கூடத்தில் ஓடாதவர்கள் அவர்கள் இரண்டு பேர்தான். ஒருத்தருக்கு ஓடத் தெரியாது. ஒருத்தனால் ஓட முடியவில்லை.

"என்ன புள்ள," என்றான் பாண்டி, "நல்லா ஓடுனியா?"

குத்தலாகக் கேட்கவில்லை. நிஜமாகவே கேட்டான். அதுதான் அவளைப் பிடுங்கித் தின்றது. முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டாள். இந்த உடம்பை இந்தக் கைதானே புண் ஆறும்வரை தாங்கியது? அந்தக் கையா விட்டது?

மேடம் காயத்துக்குக் கட்டுப் போட்டு முடித்து எழுந்தார். பெண்கள் எல்லோரும் கதவோரம் கூடிவிட்டார்கள்.

"நான் என்ன செய்யட்டும், நீங்களே சொல்லுங்க" என்றார். குரலை உயர்த்தவில்லை. "நாளைக்கு வார்டுல ஆக்சிஜன் சிலிண்டர் கீழே விழும். கதவு படார்னு சாத்தும். நீங்க இப்படி ஓடிட்டா கட்டில்ல இருக்கிறவன் கதி? இவர் நெஜமாவே வாதக்காரரா இருந்தா இந்நேரம் என்ன ஆகியிருக்கும்? எல்லாரும் ஃபெயில். வேற வழியில்லை."

வேலுச்சாமி குறுக்கே பாய்ந்தார். "மேடம், மேடம், கொஞ்சம் கேளுங்க. ஃபெயில்னு போட்டா சென்டர் பேரு கெட்டுரும். யாருமே வரலைன்னு போட்டுருங்க. ஆப்சென்ட். அடுத்த வருசம் மறுபடி எழுதட்டும். யாருக்கும் நஷ்டமில்லை." பெண்கள் பக்கம் திரும்பினார். "என்னம்மா, சரிதான? வரலைன்னா கேவலமில்லை. உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்."

இரண்டு மூன்று தலைகள் ஆடின. தோற்றுப்போனாள் என்பதைவிட வரவில்லை என்பது டீக்கடைக்காரனுக்குச் சொல்ல வசதியான பதில்தான்.

வேல்விழி எழுந்தாள். மூக்கைச் சிந்தி, முந்தானையை இழுத்துச் செருகினாள்.

"அப்படிப் போடாதீக."

"ஏம்மா..."

"வரலைன்னு எப்படிச் சார் போடுவீக? வந்தோம். காலையில இருந்து நிக்கோம். ஆவணியில எங்களை வார்டை விட்டு வெளிய தள்ளிருவாக. அடுத்த வருசம் வரைக்கும் நாங்க எங்க போவோம்? மறுபடி பயராபீஸுக்கா? அந்த வாசல்ல கால் வைக்க மாட்டோம்னு நானும் மாரிசெல்வி அக்காவும் சத்தியம் பண்ணியிருக்கோம். தப்புப் பண்ணுனோம். எம் புருசன் மண்டையை நானே ஒடைச்சேன். அதைப் போடுங்க. வரலைன்னு மட்டும் போடாதீக."

"போட்டா ஃபெயில்தாம்மா" என்றார் மேடம்.

அப்போது தரையிலிருந்து குரல் வந்தது. பாண்டி கட்டிலைப் பிடித்து எழுந்து நின்றிருந்தான். சட்டை இல்லை. சுருங்கிப்போன வலது தோள் எல்லோர் கண்ணிலும் பட்டது. அவன் மறைக்கவில்லை.

"மேடம், நான் ஒண்ணு சொல்றேன். இவளுக ஓடலை. இவளுக காலு ஓடுச்சு. எங்களுக்குப் பால்குடி மறந்ததுல இருந்து இதைத்தான் சொல்லிக் குடுக்காக. ஓடாதவன் எவனும் எங்க ஊர்ல உசிரோட இல்லை. நானும் ஓடுனவன்தான். எங்க அண்ணன் உள்ள இருந்தாரு. எங்காலு நிக்கலை. கதவைத் தாண்டி விழுந்த பெறகுதான் அண்ணன் நெனப்பே வந்துச்சு. தவழ்ந்து திரும்பிப் போகலாம்னு பார்த்தேன். முடியலை." மூச்சு வாங்கினான். "இவ திரும்பி வந்தா. எல்லாரும் திரும்பி வந்தாக. எங்க பக்கத்துல வெடிச்ச எடத்துக்குத் திரும்பி வந்த ஆளை நான் இதுவரைக்கும் பார்த்ததில்லை மேடம்."

அவன் இவ்வளவு நீளமாகப் பேசி வேல்விழி கேட்டதில்லை. அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் இப்போது அழ நேரமில்லை என்று அடக்கினாள். கதவுப் பக்கம் பார்த்தாள். மாரிசெல்வி உள்ளே வந்திருந்தாள். நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எப்போது வந்தாள், எதுவரை கேட்டாள் என்று தெரியவில்லை.

மேடம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நீங்க சொல்றது புரியுது தம்பி. ஆனா நான் கையெழுத்துப் போட்டு அனுப்புற பொம்பளை ஓடுவாளா மாட்டாளான்னு எனக்குத் தெரியணும்ல? புரிஞ்சா மட்டும் போதுமா?"

"நியாயம்" என்றாள் வேல்விழி. "அப்ப அதையே சோதிச்சுருங்க."

"எதை?"

"மறுபடி மொதல்ல இருந்து செய்றோம். பலவேசம் பின்னாலதான நிக்கான்? அதே வெடியை அதே எடத்துல போடச் சொல்லுங்க. எப்பன்னு எங்களுக்குச் சொல்ல வேண்டாம். ஓடுறோமா நிக்கோமான்னு உங்க கண்ணாலேயே பாருங்க. ஓடுனா ஃபெயில் போடுங்க. வாயைத் தொறக்க மாட்டோம்."

வேலுச்சாமியின் கையிலிருந்த மோர் தளும்பியது. "பரீட்சையில வெடி போடறதா! எந்த விதியில இருக்கு?"

"சத்தம் போடக் கூடாதுன்னு எந்த விதியில சார் இருக்கு?" என்று கதவோரத்திலிருந்து ஒருத்தி கேட்டாள். இன்னொருத்தி, "ஆமா, போடச் சொல்லுங்க!" என்றாள். பிறகு எல்லோரும் பேசினார்கள். ஆப்சென்டுக்குத் தலையாட்டினவர்கள்தான் இப்போது அதிகமாகக் கத்தினார்கள்.

"தெரிஞ்சே வர்ற சத்தத்துக்கு நிக்கிறது பெருசில்லையே" என்றார் மேடம்.

"எங்களுக்குத் தெரியும் மேடம். எங்க காலுக்குத் தெரியாது."

மேடம் கருப்பணனைக் கூப்பிட்டு, வெளியே கூட்டிப்போய்க் காதோடு ஏதோ சொன்னார். உள்ளே வந்து, "கட்டிலுக்குப் போங்க" என்றார்.

பாலம்மாள் மட்டும் வர மறுத்துவிட்டாள். "எனக்கு வாதம் சரியாப்போச்சு தாயி. என்னை விட்டுருங்க" என்று தொட்டித் திண்டில் உட்கார்ந்துகொண்டாள். மாரிசெல்வியின் கட்டில் காலியாகக் கிடந்தது.

"நோயாளி இல்லாம எப்படிம்மா?" என்ற மேடம், பாண்டியைப் பார்த்தார். "இவருக்குக் காயம் வேற ஆகியிருக்கு. ஒரு ஆள் புரட்டுறது இனிமே சரியில்லை. ரெண்டு பேருமே இவருக்குச் செய்யுங்க. ஒருத்தர் துடைக்கட்டும், ஒருத்தர் தாங்கட்டும். பாதியில மாத்திக்கங்க. ரெண்டு பேருக்கும் தனித்தனியாத்தான் மார்க்."

வேல்விழி மாரிசெல்வியைப் பார்த்தாள். முடியாது என்று சொன்னால் இவளுடைய பரீட்சை இதோடு முடிந்தது. சொல்லிவிடுவாளோ? மூன்று வருட வைராக்கியம் அது.

மாரிசெல்வி புடவையை இழுத்துச் செருகினாள். வந்து கட்டிலுக்கு அந்தப் பக்கம் நின்றாள். வெந்து சுருங்கின தோளின் மேல் கையை வைத்தாள்.

பாண்டியின் உடம்பு விறைத்தது. "மதினி..." என்றான்.

"நோயாளி பேசக் கூடாதுன்னு உன் வீட்டுக்காரர்ட்டச் சொல்லு, வேலு."

வேல்விழி துணியை நனைத்தாள். கழுத்து, மார்பு, கை. பேசிக்கொண்டே செய்ய வேண்டுமே. வாய் பேசியது, என்ன பேசியதென்று அவளுக்கே தெரியாது. காது முழுக்கச் சுவருக்குப் பின்னால் இருந்தது. இப்போது வருமா? இல்லை. இப்போது? கூடம் முழுக்க அப்படித்தான். வாளியில் துணி பிழிகிற சத்தம் மட்டும் கேட்டது. மேடம் கட்டில் கட்டிலாக நடந்தார். வரவே இல்லை. ஒருவேளை போடச் சொல்லவே இல்லையோ என்று ஒரு நினைப்பு வந்தது. வந்ததும் உடம்பு கொஞ்சம் இளகியது.

விரிப்பைச் சுருட்டக் குனிந்தாள். மாரிசெல்வி பாண்டியைத் தன் பக்கமாகப் புரட்டித் தாங்கிக்கொண்டாள். சரியாகக் கட்டில் ஓரம்.

வெடித்தது.

முன்னைவிடப் பெரிய சத்தம். பலவேசம் படுபாவி, ஒன்றுக்கு இரண்டாகச் சேர்த்துக் கட்டிவிட்டான் போல. கூரைத் தூசி தலையில் கொட்டியது. வேல்விழியின் கால் தரையை விட்டு எழும்பியேவிட்டது. முழங்கால் கதவுப் பக்கம் திரும்பிவிட்டது. அவள் கட்டில் சட்டத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். வாய்விட்டே சொன்னாள்: "நில்லு! நில்லு சனியனே, நில்லு!" தன் காலைத்தான் திட்டினாள். அக்கம்பக்கத்துக் கட்டில்களிலும் இதே பேச்சுத்தான். ஒருத்தி சாமியைக் கூப்பிட்டாள். ஒருத்தி கெட்ட வார்த்தையே சொன்னாள். ஆனால் ஒருத்தியும் கட்டிலை விடவில்லை.

மாரிசெல்விக்குக் கால் மடங்கிவிட்டது. தரையில் மண்டி போட்டுவிட்டாள். ஆனாலும் கையை எடுக்கவில்லை. பாண்டியின் தோளையும் இடுப்பையும் சேர்த்து அணைத்துப் பிடித்திருந்தாள். அவள் முகம் அவன் தோளில் இடித்துக்கொண்டிருந்தது. உடம்பெல்லாம் நடுங்கியது, பல் கிட்டித்தது. பிடி மட்டும் இளகவில்லை.

"விரிப்பு பாதியில நிக்குது" என்றார் பீவி ஜான் மேடம்.

வேல்விழி மறு பாதியைச் சுருட்டினாள். புது விரிப்பைப் போட்டாள். இடம் மாறி அவள் தாங்கிக்கொள்ள, மாரிசெல்வி எழுந்து துடைத்தாள். பாண்டியை மல்லாக்கப் படுக்கவைத்து, போர்த்திவிட்டார்கள்.

மேடம் வரிசையின் கடைசிக் கட்டில்வரை போய்விட்டு வந்தார். "எல்லாரும் தேறிட்டீங்க" என்றார். அப்போதும் சிரிக்கவில்லை. "ஆனா மொதல்ல ஓடுனதையும் நான் மேல எழுதத்தான் செய்வேன். மறைக்க மாட்டேன்."

"எழுதுங்க மேடம். திரும்பி வந்ததையும் சேர்த்து எழுதுங்க" என்றாள் வேல்விழி. "அப்பறம், அந்த அட்டையில எங்களை ஆயான்னு போட்டுறாதீக. மதுரையில படிச்ச பிள்ளைகளுக்கு என்ன பேரு போடுவீகளோ, அதே பேரு."

"அதேதான்" என்றார் மேடம். வேலுச்சாமியிடமிருந்து மோரை வாங்கி ஒரே மூச்சில் குடித்தார்.

கூடத்தில் ஒரே கூச்சல். கட்டிப் பிடித்துக்கொண்டு அழுகிறவளும், டீக்கடைக்காரன் முகத்தைப் போய்ப் பார்க்க வேண்டும் என்று குதிக்கிறவளுமாக இருந்தார்கள். பாலம்மாள் வாசலில் நின்று, "நானும்தான தேறுனேன்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

மாரிசெல்வி மட்டும் கட்டிலை விட்டு நகரவில்லை. பாண்டி எழுந்து சட்டையை எடுக்கப் போனான். அவள் சட்டையை எடுத்து நீட்டினாள். நேராக அவன் முகத்தைப் பார்த்தாள்.

"கொழுந்தனாரே."

இதைச் சொல் என்று வேல்விழியிடம் சொல்லி அனுப்பவில்லை. நேராகவே கூப்பிட்டுவிட்டாள்.

"நானும் இன்னிக்கு ஓடுனேன்" என்றாள் மாரிசெல்வி. "பாலம்மா அக்கா இருந்தாகளா செத்தாகளான்னுகூடப் பார்க்கலை. உங்களை நான் என்ன பேச்செல்லாம் பேசியிருக்கேன்." ஒரு எட்டு முன்னால் வந்தாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லுங்க. அன்னிக்கு உங்க அண்ணன் உங்களைக் கூப்பிட்டாகளா?"

மூன்று வருடமாக ஊர் கேட்காத கேள்வி. பக்கத்தில் படுத்து எழுந்த வேல்விழியும் கேட்கத் துணியாத கேள்வி. கேட்டால் என்ன பதில் வருமோ என்று அவளுக்குப் பயம்.

பாண்டி சட்டையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டான்.

"கூப்பிடலை மதினி. 'ஓடுலே'ன்னாரு. 'ஓடுலே பாண்டி'ன்னு கத்துனாரு. எங்கண்ணன் என்னைக் கடைசியா ஏவுன வேலை அதுதான்."

மாரிசெல்வி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இதை ஏங்க இத்தனை நாளாச் சொல்லலை?" என்று வேல்விழிதான் கேட்டாள். கோபமாகவே கேட்டாள். "அக்காட்ட வேண்டாம், என்கிட்டச் சொல்லியிருக்கலாம்ல?"

"இதைச் சொன்னா அதுக்கு முன்னாடி அண்ணன் சொன்னதையும் சொல்லணும். அண்ணன் நின்ன எடத்துல இருந்த உள்பக்கத்துக் கதவு ஏன் தொறக்கலைன்னு சொல்லணும்." பாண்டி சுற்றிலும் பார்த்தான். வேலுச்சாமி பக்கத்துக் கட்டிலருகே ஏதோ தேடுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தார். பாண்டி குரலைத் தணித்தான். "இங்கன வேண்டாம் மதினி, கம்பெனிக்காரக காதுக்குப் போயிரும். வீட்டுக்குப் போய்ப் பேசுவோம்."

"வீட்டுல எதுக்கு?" மாரிசெல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு, புது விரிப்புப் போட்ட கட்டிலின் மேலேயே உட்கார்ந்தாள். "யாரு கேட்டா என்ன? நான் இனிமே எந்தச் சத்தத்துக்கும் ஓட மாட்டேன். இங்கனயே சொல்லுங்க."

(தொடரும்)